ஆநிரையும் பகடையும்: எல்லைக் கொள்ளையர் வரலாறு மேசைப் போர் விளையாட்டில்

மேசைமீது பொம்மை வீரர்களை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கு வாட்டர்லூவும் கெட்டிஸ்பர்க்கும் பழகிய களங்கள். அங்கே வெற்றி எது என்று யாரும் கேட்பதில்லை. எதிரியின் அணியை உடைத்துக் குன்றைப் பிடித்தவன் வென்றவன். 16ஆம் நூற்றாண்டின் ஆங்கில–ஸ்காட்டிஷ் எல்லைக் கொள்ளையை ஆட்டமாக்க முனைபவருக்கோ முதல் அடியிலேயே இந்தக் கேள்வி குறுக்கே நிற்கிறது. ரீவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தக் குதிரைக் கொள்ளையர் எதிரியைக் கொன்று தீர்ப்பதற்காக இரவில் சவாரி போகவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு, உயிரோடு, முடிந்தால் முகம் தெரியாமல் வீடு திரும்புவதற்காகப் போனார்கள். சண்டை மூண்டது என்றால் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்.

போர் விளையாட்டின் விதி நூல் எதை வெற்றி என்று வரையறுக்கிறதோ, அதுவே அது முன்வைக்கும் வரலாற்று வாதம். ரீவர்களைப் பற்றிய விளையாட்டுகளை எடைபோட இந்த அளவுகோலே போதும் என்பது இக்கட்டுரையின் கருத்து. பொம்மையின் தலைக்கவசம் சரியாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. மாட்டுக்கு, உறவுக்கு, சட்டத்துக்கு விதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

எல்லை இயங்கிய விதம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தொடங்கிய போர்கள் மூன்று நூற்றாண்டுகள் விட்டுவிட்டு நீடித்தன. படைகள் வந்துபோகும் வழியில் இருந்த ஊர்கள் எரிந்தன, கட்டப்பட்டன, மறுபடி எரிந்தன. 1513இல் ஃப்ளாடன், 1542இல் சால்வே மாஸ், 1547இல் பிங்கி என்று பெரும் போர்கள் ஒருபுறம். அவற்றுக்கு இடைப்பட்ட ‘அமைதி’ ஆண்டுகளிலும் பயிர் அறுவடை வரை தங்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. நிலத்தில் போட்டதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, மாட்டை ஓட்டிக்கொண்டு ஓடலாம். ஆகவே சொத்து என்றால் கால்நடை என்றாயிற்று. கால்நடையே சொத்து என்றால் அதைக் கவர்வதும் மீட்பதும் பிழைப்பாகின்றன.

இரு நாடுகளும் எல்லையைத் தம் பக்கத்தில் கிழக்கு, நடு, மேற்கு என்று மும்மூன்று பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வார்டன் என்ற எல்லை அதிகாரியை அமர்த்தின. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான எல்லைச் சட்டம் 1249இல் இரு தரப்பிலும் பன்னிரண்டு நைட்டுகள் கூடி வகுத்தது. ஆனால் எல்லைக்காரனின் விசுவாசம் அரசரைவிடக் குடும்பப் பெயருக்கே அதிகம். ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், ஸ்காட், கெர், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன், நிக்சன், சார்ல்டன், ராப்சன் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு படை. கிரஹாம் போன்ற குடும்பங்கள் எல்லையின் இருபுறமும் பரவியிருந்தன. ஆங்கிலேயன் ஆங்கிலேயனைக் கொள்ளையடித்தான், ஸ்காட்லாந்துக்காரன் அவனுக்குத் துணைபோனான்.

சார்க், எஸ்க் ஆறுகளுக்கு இடையே ‘தாவா நிலம்’ என்று ஒரு பகுதி இருந்தது. இரு அரசுகளும் உரிமை கொண்டாடியதால் எந்தச் சட்டமும் அங்கே செல்லவில்லை. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எவரும் மாடு மேய்க்கலாம், நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது என்பது வழக்கம். ஆம்ஸ்ட்ராங்குகளும் கிரஹாம்களும் அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தாமல் அங்கே கோபுர வீடுகளை எழுப்பினார்கள். 1552இல் பிரெஞ்சுத் தூதரை நடுவராக வைத்து அந்த நிலத்தைப் பிரித்து, நடுவே ஒரு மண் கரையை எழுப்ப வேண்டியதாயிற்று. இந்த மக்களைத் திருத்த முடியாமல் 1525இல் கிளாஸ்கோ பேராயர் கேவின் டன்பார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் ஒரு சாபத்தை எழுதி வாசிக்கச் செய்தார். தலைமுடி முதல் உள்ளங்கால் வரை உறுப்பு உறுப்பாகச் சபித்த அந்த ஓலைக்கும் அவர்கள் அசையவில்லை.

பொம்மைப் படையின் பரம்பரை

போர் விளையாட்டு பிறந்தது படை அதிகாரிகளின் பயிற்சியறையில். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரசருக்குச் செய்துகாட்டிய மேசையை அவருடைய மகன் மேம்படுத்தி, 1824இல் விதி நூலாக வெளியிட்டார். அது நடுவர் வைத்து ஆடும் கண்டிப்பான பயிற்சி. பொழுதுபோக்காக அதை வளர்த்தவர்கள் எழுத்தாளர்கள். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் டாவோஸில் தங்கியிருந்தபோது தம் வளர்ப்பு மகனோடு ஈய வீரர்களை வைத்து நாள்கணக்கில் போர் நடத்தினார். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். மெய்யான போரைவிட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்று அதிலேயே வாதாடினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1962இல் வந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் ‘வார் கேம்ஸ்’ இதைப் பிரிட்டனில் பரவலான பொழுதுபோக்காக்கியது.

அந்தத் தலைமுறையை ஈர்த்தவை பெரும் போர்களே. எல்லைக் கொள்ளை மேசைக்கு வருவதற்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, கதை. வால்டர் ஸ்காட் 1802–03இல் வெளியிட்ட எல்லைக் கதைப்பாடல் தொகுப்பு ரீவர்களை வீரநாயகர்களாக்கியிருந்தது. 1971இல், கார்லைலில் பிறந்த ஜார்ஜ் மக்டொனால்ட் ஃப்ரேசர் ‘தி ஸ்டீல் பானட்ஸ்’ என்ற வரலாற்று நூலில் அந்தப் பூச்சைச் சுரண்டி, வார்டன்களின் கடிதங்களைக் கொண்டு கொள்ளை நடந்த முறையையே விளக்கினார். 1995இல் ஆஸ்ப்ரே நிறுவனம் கீத் டுராம் எழுதி ஆங்கஸ் மக்பிரைட் வண்ணம் தீட்டிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டது. பொம்மை வார்ப்பவருக்கும் வண்ணம் தீட்டுபவருக்கும் அது கையேடாயிற்று. மற்றொன்று, அளவு. நூற்றுக்கணக்கான பொம்மைகள் இல்லாமல், பத்து முதல் நாற்பது உருவங்களைக் கொண்டே ஆடும் சிறுமோதல் விளையாட்டுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகின. கொள்ளைக்குப் போகும் ஒரு குடும்பப் படையின் அளவும் பல வேளைகளில் அதுதான். வரலாற்றில் இருந்த ஆள் எண்ணிக்கையும் மேசைமீது நிற்கும் பொம்மை எண்ணிக்கையும் ஒன்றாக அமைவது இந்தத் துறையில் அரிது.

28 மில்லிமீட்டர் மனிதன்

இன்று பரவலாக உள்ள பொம்மை பாதத்திலிருந்து கண் வரை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். சிற்பி கம்பிக் கூட்டின்மேல் எபாக்ஸி மக்கை அப்பி மூல உருவத்தைச் செய்வார். அதை ரப்பர் தட்டுக்குள் வைத்து வெப்பத்தில் அழுத்தினால் அச்சு கிடைக்கும். அச்சைச் சுழலவிட்டு உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால், சுழற்சியின் விசையில் உலோகம் விரலிடுக்கு வரை பாயும். முன்பு ஈயம் அதிகம் கலந்தார்கள், இப்போது வெள்ளீயமே பெரும்பங்கு. கணினியில் வடித்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

ரீவர் பொம்மையில் கவனிக்க வேண்டியது ‘ஜாக்’ என்ற மேலங்கி. பல மடிப்புத் துணிகளுக்கு நடுவே சிறு இரும்புத் தகடுகளை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தது அது. முழுத் தகட்டுக் கவசத்தைவிட மலிவு, எடை குறைவு, வீட்டிலேயே பழுதுபார்க்கலாம். சிற்பி அந்தத் தையல் கோடுகளைச் சாய்சதுரக் கட்டங்களாக வடித்திருப்பார். வண்ணம் தீட்டுபவர் பழுப்பு நிறத்தை அடித்து, நீர்த்த கரு மையைக் கோடுகளுக்குள் ஓடவிட்டு, கட்டங்களின் மேட்டில் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டுவைப்பார். உடனே அந்த அங்கி கந்தலாக, நனைந்ததாக, பல குளிர்காலம் கண்டதாகத் தெரியும். தலையில் எஃகுத் தொப்பி, கையில் ஈட்டி, இடுப்பில் ‘டாக்’ என்ற கனத்த கைத்துப்பாக்கி, சிலரிடம் குதிரைமேலிருந்தே எய்யக்கூடிய ‘லாட்ச்’ என்ற சிறு குறுக்குவில். கீழே, சதுப்பில் கால் புதையாமல் நாளெல்லாம் நடக்கும் குட்டைக் குதிரை.

பொம்மையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொருளாதாரம் புலப்படும். சீருடை இல்லை. ஒருவன் தொப்பி ஆங்கிலப் படையிலிருந்து வந்தது, இன்னொருவன் துப்பாக்கி யாரிடமோ பிடுங்கியது. இரு தரப்பும் ஒரே மாதிரி உடுத்தியதால், மேசையில் எந்தப் பொம்மை எந்தக் குடும்பம் என்று பிரித்துச் சொல்ல அடித்தட்டில் ஏதேனும் ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. இருட்டில் அவர்களுக்கே அந்தச் சிக்கல் இருந்தது. பெரும் போர்களில் எல்லைக் குதிரைவீரர் கைக்குட்டையையும் சிலுவைத் துணியையும் அடையாளமாகக் கட்டிக்கொண்டார்கள், அவற்றை எளிதில் கழற்றவும் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு உண்டு.

மாடு நகரும் வேகம்

மாட்டை வைத்து ஆட்டத்தை அமைப்பது எளிதல்ல. ஒரு கணக்கைப் பார்ப்போம். விரட்டப்படும் மந்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் போகிறது என்று கொள்வோம். முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளத்தாக்குக்கு ஓட்டிச்செல்லப் பத்து மணி நேரம் ஆகும். எல்லைப் பகுதி வடக்கு அட்சம் 55 பாகையில் இருக்கிறது. ஜூனில் பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் ஏழு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கோடையில் கவர்ந்த மந்தையோடு வீடு சேர்வதற்குள் விடிந்துவிடும். குளிர்காலத்தில் போகவும் வரவும் இருள் போதும். கோடையில் புல் மேய்ந்து கொழுத்த மாடு இலையுதிர்காலத்தில் நெடுந்தூரம் நடக்கும், பிப்ரவரிக்கு மேல் அதே மாடு எலும்பும் தோலுமாகித் தடுமாறும். எல்லை அதிகாரிகளின் கடிதங்களில் கொள்ளைப் பருவம் என்று குறிக்கப்படுவது இலையுதிர்காலம் முதல் குளிர்காலத்தின் நடுப்பகுதி வரை. வானியலும் மாட்டின் உடல்வாகும் சேர்ந்து வகுத்த பஞ்சாங்கம் அது.

இனி மேசையைப் பார்ப்போம். 28 மில்லிமீட்டர் உருவம் மெய்யான மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. ஆறடி நீள மேசை அந்த விகிதத்தில் நூற்றுப் பத்து மீட்டர் நிலம். முப்பது கிலோமீட்டர் பயணத்தில் நூற்றுப் பத்து மீட்டரை மட்டுமே மேசை காட்டுகிறது. தொழுவத்தை உடைக்கும் நிமிடங்களையோ, ஆற்றுத் துறையில் துரத்துபவர் எட்டிப்பிடிக்கும் நிமிடங்களையோ காட்டலாம். இடைப்பட்ட இரவு முழுவதும் மேசைக்கு வெளியே போய்விடுகிறது. இந்த இழப்பை நல்ல வடிவமைப்பாளர் விதியால் ஈடுகட்டுகிறார். எத்தனை சுற்றுக்குள் மேசையின் மறு ஓரத்தை அடைய வேண்டும் என்று எல்லை வைப்பது, பகடை சொல்லும் சுற்றில் துரத்துபவரை நுழையவிடுவது, மந்தையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓட்டினால் வேகத்தைக் குறைப்பது ஆகிய மூன்றும் இரவுக்குப் பதிலிகள்.

கடைசி விதி எப்படி வேலை செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். கொள்ளையரிடம் எட்டுக் குதிரைவீரர், தொழுவத்தில் பன்னிரண்டு மாடுகள். ஒரு வீரன் இரண்டு மாடுகளை ஓட்டலாம், ஓட்டும்போது சுட முடியாது, பாதி வேகம்தான் என்று விதி இருந்தால், பன்னிரண்டையும் ஓட்ட ஆறு பேர் வேண்டும். பின்காப்புக்கு மிஞ்சுவது இருவர். எட்டு மாடு போதும் என்று விட்டால் நான்கு பேர் காவல். ஒவ்வொரு மாடும் ஆளைக் குறைக்கிறது, ஒவ்வோர் ஆளும் மாட்டைக் குறைக்கிறான். ஆடுபவர் இருவரும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் ஐந்து நிமிடம் மேசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு சவாரியின் தலைவனுக்கு இருந்த தடுமாற்றம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. மாடுகளை வெறும் புள்ளிச் சீட்டாக மேசை நடுவே வைத்துவிட்டு, சுட்டு முடித்தபின் எண்ணிக்கொள்ளும் விளையாட்டில் அது வராது.

சொன்ன பேச்சு கேட்காத படை

சதுரங்கத்தில் காய் மறுப்பதில்லை. எல்லையில் மறுத்தார்கள். இதை ஆட்டமாக்க உதவியது ‘கட்டளைப் பகடை’ என்ற ஏற்பாடு. டேனியல் மெர்சி எழுதி 2014இல் ஆஸ்ப்ரே வெளியிட்ட ‘லயன் ராம்பண்ட்’ இடைக்காலச் சண்டைகளுக்கானது. அதை 17ஆம் நூற்றாண்டுக்கு ஏற்ப மாற்றி மைக்கேல் லெக்கோடு சேர்ந்து அவர் எழுதிய ‘தி பைக்மன்ஸ் லமென்ட்’ 2017இல் வந்தது. ரீவர்களை மேசைக்குக் கொண்டுவர விரும்பும் ஒருவர் இந்த இரண்டுக்கும் நடுவே தம் விதிகளை அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவையும் நகர்த்துமுன் இரண்டு பகடைகளை உருட்டிக் குறித்த எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஆட்டம் எதிராளியிடம் போய்விடும்.

எண்களின் விளைவைப் பாருங்கள். இரண்டு பகடைகளில் ஐந்தோ அதற்கு மேலோ விழ 36இல் 30 வாய்ப்பு. அது 83 விழுக்காடு, பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் மூன்று குழுக்களை அடுத்தடுத்து நகர்த்த வேண்டும் என்றால் மூன்றும் பலிக்க வாய்ப்பு 58 விழுக்காடுதான். குறித்த எண் ஏழானால் தனி வாய்ப்பு 58, மூன்றும் சேர்ந்து பலிப்பது 20 விழுக்காடு. ஒருமித்து எல்லாம் நடக்கும் திட்டத்தை நம்பும் தலைவன் தோற்பான். எது முக்கியமோ அதை முதலில் செய்பவன் பிழைப்பான். வார்டன்கள் அரசவைக்கு அனுப்பிய கடிதங்களில் தம் ஆட்கள் வரவில்லை, வந்தவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று சலித்துக்கொண்டதன் கணித வடிவம் இது.

உறவை விதியாக்குவது இன்னும் கடினம். ஆம்ஸ்ட்ராங் ஒருவனைக் கொன்றால் நாளை அவன் சித்தப்பா மக்களும் பேரன்மாரும் வருவார்கள். குலப் பகை தலைமுறை கடந்தது. ஆகவே அனுபவமுள்ள கொள்ளையன் கண்ட இடத்தில் கொலை செய்யமாட்டான். ரோமன் கத்தோலிக்க ஆயரும் வரலாற்றாசிரியருமான ஜான் லெஸ்லி 1578இல் வெளிவந்த தம் நூலில், எல்லைக்காரர்கள் பகை இல்லாத இடத்தில் இரத்தம் சிந்தத் தயங்குபவர்கள் என்று எழுதியிருக்கிறார். இதை மேசைக்குக் கொண்டுவரத் தொடர் ஆட்டம் வேண்டும். இன்று கொன்ற ஒவ்வோர் எதிரிக்கும் அடுத்த ஆட்டத்தில் எதிர்த்தரப்புக்கு ஓர் ஆள் கூடுவான் என்று ஒரே வரியில் விதி எழுதினால், ஆடுபவர் துப்பாக்கியைத் தொடுமுன் யோசிப்பார். பொம்மைகளுக்குப் பெயரிடுவதும் இங்கே பயன்படும். ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் பலருக்கு இருந்ததால் எல்லைக்காரர்கள் பட்டப்பெயரால் அறியப்பட்டார்கள். மூக்கறுந்த கிளெம், விரலற்ற வில் என்ற பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. பெயருள்ள பொம்மையைச் சாகவிட ஆடுபவருக்கு மனம் வராது.

சண்டையின் நடுவே சட்டம்

எல்லைக் கொள்ளையின் விசித்திரம் அதைச் சுற்றியிருந்த சட்டம். மாட்டை இழந்தவன் ஆறு நாளுக்குள் துரத்திச் செல்லலாம், எல்லையையும் தாண்டலாம். ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டியை ஏந்தி, வேட்டைநாயோடும் ஊதுகொம்போடும் வெளிப்படையாகப் போக வேண்டும். வழியில் கண்டவரைத் துணைக்கு அழைக்கலாம், மறுப்பவன் கொள்ளையனுக்கு உடந்தையாகக் கருதப்படுவான். மேசையில் இந்த விதி அற்புதமாக வேலை செய்கிறது. நெருப்பேந்திய ஈட்டியோடு வரும் பொம்மையைத் தாக்குவது சட்டமீறல், அப்படி ஏந்தாமல் எல்லை தாண்டுபவன் தானே கொள்ளையன்.

துரத்திப் பிடிக்காதவன் வார்டனிடம் புகார் எழுதிக் கொடுத்து, இரு தரப்பு வார்டன்களும் கூடும் சமாதான நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கில வார்டன் ஆறு ஸ்காட்லாந்துக்காரரையும், ஸ்காட்டிஷ் வார்டன் ஆறு ஆங்கிலேயரையும் பொறுக்கி நடுவர் குழு அமைப்பார்கள். குற்றம் உறுதியானால் இழந்ததன் மதிப்பும் அதற்கு மேல் இருமடங்கும் தர வேண்டும். அன்று வந்த எவரையும் மறுநாள் சூரிய உதயம் வரை பிடிக்கக் கூடாது. மதுக்கடைகளும் நடைவியாபாரிகளும் கூடும் அந்த நாள் சந்தையாகவும் இருந்தது.

1575 ஜூலை 7 அன்று ரீட்ஸ்வயர் கணவாயில் அப்படி ஒரு நாள் சண்டையில் முடிந்தது. ஆங்கில வார்டன் சர் ஜான் ஃபார்ஸ்டர், எதிர்ப்பக்கம் லிட்ஸ்டேல் காவலர் சர் ஜான் கார்மைக்கேல். ஒரு குற்றவாளியை ஒப்படைப்பது பற்றிய வாக்குவாதம் குலத்தைப் பழிக்கும் பேச்சாக முற்றியது. ஆங்கிலத் தரப்பின் டைன்டேல் ஆட்கள் அம்பெய்தார்கள். முதலில் பின்வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர், ஜெட்பர்க் ஆட்கள் வந்து சேர்ந்ததும் திருப்பியடித்தார்கள். ஆங்கிலத் தரப்பில் சர் ஜார்ஜ் ஹெரான் கொல்லப்பட்டார், ஃபார்ஸ்டர் சிறைப்பட்டார். வால்டர் ஸ்காட் தம் குறிப்பில் சொல்லும் ஒரு செய்தி ஆட்ட வடிவமைப்பாளருக்குப் பொன் போன்றது. கை ஓங்கியிருந்த வேளையில் ஆங்கிலத் தரப்பினர் வியாபாரிகளின் மூட்டைகளைக் கொள்ளையிடக் கலைந்ததால்தான் எதிரிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்ததாம். மேசையில் வியாபாரியின் மூட்டையை வைத்து, அருகில் வரும் குழு பகடையில் தேறாவிட்டால் அதை அள்ள நின்றுவிடும் என்று விதித்தால், அன்றைய போரின் திருப்பம் தானாகவே நிகழும்.

1596 மார்ச் 17 அன்று சமாதான நாள் முடிந்து வீடு திரும்பிய வில்லி ஆம்ஸ்ட்ராங்கை ஆங்கில அதிகாரிகள் வழியில் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தார்கள். கின்மான்ட் வில்லி என்று பெயர்பெற்ற பெருங்கொள்ளையன் அவன். ஆனால் பிடித்த நேரம் சட்டவிரோதம். எழுத்தாளரைப் போலவே வால்டர் ஸ்காட் என்று பெயர் கொண்ட பக்ளூ பிரபு கேட்டும் வார்டன் ஸ்க்ரோப் விடவில்லை. ஏப்ரல் 13 அன்று மழை கொட்டிய இரவில் பக்ளூவின் ஆட்கள் வந்தார்கள். ஏணிகள் எட்டாததால் சிறுவாயிலை உடைத்து நுழைந்து வில்லியை மீட்டுப் போனார்கள். தாக்கியவர் 500 குதிரைவீரர் என்றும், காவலர் தூங்கிவிட்டார்கள் அல்லது மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள் என்றும் ஸ்க்ரோப் அரசவைக்கு எழுதினார். உண்மையில் வந்தவர் நூற்றுக்கும் குறைவு என்பது பரவலான கணிப்பு. உள்ளிருந்தே கிரஹாம்களும் கார்ல்டன்களும் உதவியிருக்கிறார்கள்.

இந்தச் சம்பவம் போர் விளையாட்டுக்காரர்களுக்கு மிகப் பிடித்தமானது. அதை ஆடும்போது ஸ்க்ரோப்பின் கடிதத்தை நம்புவதா, கணிப்பை நம்புவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். 500 என்றால் கோட்டை முற்றுகை, கணிப்பின்படி 80 பேர் என்றால் சுவரேறித் திருடுவது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஃபிலிப் சாபின் 2012இல் எழுதிய ‘சிமுலேட்டிங் வார்’ நூலில், போர் விளையாட்டை வடிவமைப்பதே மோதலின் இயக்கத்தைப் படிக்கும் ஒரு வழி என்று வாதிடுகிறார். கார்லைல் அதற்கு நல்ல சான்று. கட்டுரையாளர் இரண்டு எண்களையும் எழுதிவிட்டு நகரலாம். விதி எழுதுபவர் ஏதேனும் ஓர் எண்ணைப் பொம்மையாக மேசைமீது நிறுத்தியாக வேண்டும். எண்பது பேரை நிறுத்தினால் காவலர் விழிப்பாக இருக்கக் கூடாது, உள்ளே ஆள் இருந்தாக வேண்டும் என்பது இரண்டு ஆட்டங்களில் விளங்கிவிடும். ஸ்க்ரோப்பின் எண் எதை மறைக்க எழுதப்பட்டது என்பதும் விளங்கும்.

மேசையில் இடம் பெறாதவர்கள்

இந்தப் பாராட்டுகளுக்கு ஓர் எல்லை உண்டு. வார்டன் பதவி வகித்த ராபர்ட் கேரி தம் நினைவுக் குறிப்பில் ஜார்டி போர்ன் என்ற கொள்ளையனைப் பற்றி எழுதுகிறார். தூக்குக்கு முந்தைய இரவு கேரி வேலையாள் உடையில் சிறைக்குள் போய்ப் பேச்சுக் கொடுத்தார். தன் கையால் ஏழு ஆங்கிலேயரைக் கொன்றதையும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் மனைவியரோடு உறவுகொண்டதையும், குடியிலும் திருட்டிலும் சிறு குற்றத்துக்குப் பெரும் பழி தீர்ப்பதிலும் வாழ்நாளைக் கழித்ததையும் அவன் ஒப்புக்கொண்டான். அந்தப் பெண்கள் எந்தப் பொம்மைப் பெட்டியிலும் இல்லை. குளிர்காலத்தின் தொடக்கத்தில் பாலுக்கும் உரத்துக்கும் இருந்த ஒரே பசுவை இழந்த குடும்பம் மார்ச் மாதத்தில் என்ன தின்றது என்பதற்கும் பகடை இல்லை.

நார்தம்பர்லாண்டில் இன்றும் நிற்கும் பாஸ்டில் வீடுகள் அந்தக் குடும்பங்களின் ஆவணம். டார்செட் பள்ளத்தாக்கில் உள்ள பிளாக் மிடன்ஸ் அவற்றில் ஒன்று. கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதருக்கு, சுற்றிலும் தடித்த கல்சுவர். தாக்குதல் என்றால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே அடைந்துகிடப்பார்கள். மேசைக்கு அந்த வீடு அட்டையிலும் பிசினிலும் அழகாகச் செய்துவைக்கப்படுகிறது. பெரும்பாலான ஆட்டங்களில் அது காலியாகவே நிற்கிறது. உள்ளே எத்தனை பேர், அவர்களை உயிரோடு காப்பதற்கு எத்தனை புள்ளி என்று எழுதாத வரை, ஆட்டம் கதைப்பாடலின் பக்கமே சாய்ந்திருக்கும். தற்காப்பவரின் தரப்பை முழுமையாக எழுதுவதே இத்துறையில் மீதமிருக்கும் வேலை.

1603இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் இறந்து, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இரு நாடுகளுக்கும் அரசரானபோது எல்லை என்பதே பொருளிழந்தது. அவர் அப்பகுதிக்கு ‘நடு மாவட்டங்கள்’ என்று பெயரிட்டார். வார்டன் பதவிகள் ஒழிந்தன. தூக்குமரம் ஓயாமல் வேலை செய்தது. 1606இல் கிரஹாம்களில் பலர் அயர்லாந்தின் ராஸ்காமனுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். எஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவினார்கள். நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1972இல் எல்லை ஊரான லாங்கம் வந்து அவ்வூரின் கௌரவக் குடிமகனானார். பெயர்களுக்கு மதிப்பு வந்துவிட்டது, பயம் மறந்துவிட்டது. அந்த மறதியின்மீதுதான் பொம்மைகளும் நிற்கின்றன.

ஆகவே எல்லைக் கொள்ளையர் பெயரில் ஒரு விதி நூல் கைக்கு வந்தால், ஆயுதப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மாடு எப்படி நகர்கிறது? கொன்றவனுக்கு நாளை என்ன ஆகிறது? தாக்கப்பட்ட வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? முதலாவதற்கு விடை உள்ள நூல்கள் பல, இரண்டாவதற்குச் சில, மூன்றாவதற்கு மிகக் குறைவு. மூன்றுக்கும் விடை சொல்லும் விளையாட்டே அந்த எல்லையின் வரலாற்றைச் சொல்கிறது. மற்றவை தொப்பி மாற்றிய பொதுச் சண்டைகள்.